தீபக் காட்சியும் வெளியீட்டு நோடும்

கார்த்திகைத் தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் வெளியில் நின்று அண்ணாமலை உச்சிச் சுடரைப் படம்பிடித்து, அதன்மேல் எழுத்துக்களை இணைக்க விரும்புவார்க்கு நியூக், நேட்ரான், பிளெண்டர் முதலிய நோடு முறை மென்பொருள்கள் உளவாம். நோடுகளைக் கோத்தலிற் காட்டும் ஊக்கத்தைப் பலர் இறுதியிலுள்ள வெளியீட்டு நோடிற் காட்டுகின்றிலர். நியூக்கில் இதனை 'ரைட்' என்பர். ஓரிரவு உழைப்புக் கெடுவது பெரும்பாலும் இவ்விடத்தேயாம்.

படத்தை நேரே எம்.பி.4 கோப்பாக எழுதற்க என்பதே யாம் முதற்கண் வற்புறுத்துவது. நொடிக்கு 25 சட்டமாயின் பத்து நொடிக்கு 250 சட்டங்கள். 180-ஆம் சட்டத்தில் மின்சாரம் நின்றால் (நம் பக்கத்தில் அஃது அரிதன்று) அக்கோப்புப் பெரும்பாலும் திறவாது. அதன் அட்டவணை கடைசியிலன்றோ எழுதப்படுகின்றது! தனித்தனிப் படங்களாக எழுதின், எஞ்சியவற்றை மட்டும் தொடரலாம். கோப்பின் பெயரில் நான்கு # குறிகளிட்டால் 0001, 0002 என எண்கள் தாமே அமையும்.

இனி வடிவம். ஜேபெக் 8 பிட் அளவினது; ஆல்பாவும் அதற்கில்லை. கரிய வானும் சுடரும் ஒருங்கேயுள்ள காட்சிக்கு அது போதாது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மாஜிக் நிறுவனத்தார் 2003-இல் வெளியிட்ட ஓபன் இ.எக்ஸ்.ஆர்., வெண்மைக்கு மேற்பட்ட ஒளியையும் 16 பிட் எண்களாற் காக்கும். காமிராவிலேயே வெளுத்துப்போனது மட்டும் எதனாலும் மீளாது.

நொடிச் சட்ட எண் படம்பிடித்ததனையே ஒத்திருத்தல் வேண்டும். 25-ஐ 24 ஆக்கின் பத்து நொடி ஏறக்குறைய 10.4 ஆகி, ஒலி விலகிவிடும். யாவும் சரியெனக் கண்ட பின்னரே எம்.பி.4 ஆக்கி நண்பர்க்கு அனுப்புக.