வடம் பிடித்த கையோடு பந்திக்கு

புதுச்சேரி வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் தேரின் வடத்தை ஆளுநர் தொட்டு இழுத்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். அதற்குப் பிறகு வடம் ஊராருக்கு. மூக்கைத் துடைத்த கை, குழந்தைக்குச் சளி சிந்திவிட்ட கை, வாய் பொத்தி இருமிய கை, எல்லாம் அந்த ஒரே கயிற்றில்தான். திருக்காஞ்சி மாசிமகம், வில்லியனூர் மாதா கோயில் திருவிழா, பாகூர் மூலநாதர் கோயில் விழா, எதுவானாலும் கூட்டம் கூட்டம்தான். அதைக் குறை சொல்ல வரவில்லை. கூட்டம் கலைந்து பந்திக்குப் போகும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் என் கவலை.

எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துகளில் எந்த அன்னதானப் பந்தலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓரமாக ஒரு நீல டிரம், அதில் ஒரு மக். வருகிறவர் மக்கோடு கையையும் முக்கி மொள்வார். விரல் நுனி நனையும். மக்கை டிரம்முக்குள்ளேயே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இலை முன்னால் உட்காருவார். அடுத்தவர் அதே மக்கை எடுப்பார். சோப்பு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், "திருவிழாவுல சோப்பா?" என்று சிரிப்பார்கள்.

2022 செப்டம்பரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவி, புதுச்சேரியில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 17ஆம் தேதி முதல் 25ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ வந்தது. 79 பேருக்கு உறுதியானதாகச் சுகாதாரத் துறை சொன்னது. மறுபடியும் அதே வகுப்புகளுக்கு மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை. பள்ளிக்கூடத்தைப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு, திருவிழாப் பந்தலில் ஒரு குழாயும் சோப்பும் வைக்கத் தோன்றுவதில்லை.

ஃப்ளூ முக்கியமாகப் பரவுவது இருமல், தும்மல் வழியாக, பக்கத்தில் நிற்பவரின் மூச்சு வழியாக. கை அதற்கு அடுத்த வழி. எவர்சில்வர், பிளாஸ்டிக் மேல் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். துணி, காகிதத்தில் 8 முதல் 12 மணி நேரம். கையில் ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடம் போதாதா? தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு மீதியைத் தலையில் தடவ எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே வடத்தை விட, வைரஸ் அதிக நேரம் தங்கும் தடுப்புக் கம்பி, நீர்மோர் டம்ளர், அந்த டிரம் மக், இவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

தீர்த்த வரிசையில் நிற்பதற்கு முன்பும், பந்தியில் உட்காருவதற்கு முன்பும் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள். வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதை உடைத்துவிடும். வெறும் தண்ணீருக்கு அந்த வேலை தெரியாது. கட்டை விரல், விரல் இடுக்கு, நகக்கண், இந்த மூன்றையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். டிரம்முக்குக் கீழே ஒரு குழாயைப் பொருத்தினால் மக்கே வேண்டாம். அதற்குப் பெரிய செலவில்லை, பிளம்பருக்கு அரை மணி நேர வேலை.

சானிடைசர் வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும் விழாக் குழுவினர் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருந்தால்தான் அது சானிடைசர். எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது. அதைவிட முக்கியம், அது தீப்பிடிக்கும். ஈரம் காயாத கையோடு சூடத்தட்டில் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகாதீர்கள். சூடம், அகல்விளக்கு, பொங்கல் அடுப்பு இருக்கும் இடத்தில் சானிடைசர் பாட்டிலே இருக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போதும்.

காய்ச்சலும் இருமலும் இருப்பவர் வீட்டில் இருப்பதே நல்லது. கட்டாயம் வரவேண்டுமானால் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்புகிறார், பிறகு ஐந்தாறு நாள் பரப்புகிறார். முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். போட்ட பிறகு பலன் தர இரண்டு வாரம் ஆகும், திருவிழாவுக்கு முதல் நாள் ஓடிப் பயனில்லை.

ஜுரம் வந்துவிட்டால் நம் ஆட்கள் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்கு. "ஜுரத்துக்கு ஒரு செட் குடுங்க." அந்தச் செட்டில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இதை எச்சரித்தது. ஃப்ளூவுக்கென்று உள்ள ஒசல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அதுவும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சீட்டு இல்லாமல் அதை விற்கவும் கூடாது. கடைக்காரரிடம் இரண்டு நாளைத் தொலைத்துவிட்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள்தான் அதிகம். 48 மணி நேரம். மறந்துவிடாதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஓபி சீட்டுப் போடுவதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. ஒருங்கிணைந்த நோய் கண்காணிப்புத் திட்டத்துக்கு அங்கிருந்துதான் கணக்கு போகிறது. ஒரு தெருவே காய்ச்சலில் படுத்து, எல்லாரும் கடை மாத்திரையில் சமாளித்தால், அரசுக் கணக்கில் அந்தத் தெருவில் காய்ச்சலே இல்லை. பிறகு யார் மருத்துவ முகாம் போடுவார்கள்?

இனி, பந்தலில் குழாயும் சோப்பும் கேட்டு எழுத வேண்டிய மனு. நம் ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். கவுன்சிலரும் இல்லை, பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை. எம்எல்ஏ வீட்டு வாசலில் போய் நிற்பதை விட்டுவிட்டு, வில்லியனூர் அல்லது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் பெயருக்கு எழுதுங்கள். கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். தேரன்று காலையில் கொடுக்கும் மனுவால் எதுவும் நடக்காது.

மனுவில் "சுகாதார வசதி செய்து தரவும்" என்று பொதுவாக எழுதினால், ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். விழாவின் பெயர், தேதிகள், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், குழாய் பொருத்திய தொட்டிகள் எத்தனை, எந்தெந்த இடத்தில், சோப்பு, கழுவிய தண்ணீர் போக வழி, தொட்டியை நிரப்பும் பொறுப்பு யாருக்கு, எல்லாவற்றையும் எழுதுங்கள். நகல்களை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அதிகாரிக்கும், கோயில் நிர்வாக அதிகாரிக்கும், சுகாதாரத் துறை இயக்குநருக்கும் அனுப்புங்கள். பத்துப் பேராவது கையெழுத்துப் போடட்டும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பார்கள். முத்திரை இல்லாமல் வராதீர்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுதான்.

அப்படியும் ஒன்றும் நடக்கவில்லையா? விழா முடிந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, கொம்யூன் பஞ்சாயத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. என் மனு மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், விழாவுக்குக் குடிநீர், துப்புரவுக்கென்று செலவழித்த தொகை, அதன் பில் நகல்கள் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு. அங்கும் கைவிரித்தால், நாம் யூனியன் பிரதேசம் என்பதால், 90 நாளுக்குள் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை வீட்டில் பார்க்க வேண்டியது: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரைமயக்கம், சளியில் ரத்தம், நகமோ உதடோ நீலம் பூப்பது, குழந்தை பால் குடிக்க மறுப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.