ஓயாமல் ஒலிக்கும் மணி

இரவு மணி பத்து. கோலாலம்பூரில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில், கணக்காளராகப் பணிபுரியும் ஒருவர் குடும்பத்தாருடன் அமர்ந்திருக்கிறார். அவரது கைப்பேசி ஒலிக்கிறது. அலுவலகப் புலனக் குழுவில் ஒரு செய்தி. அதைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது; உள்ளங்கை வியர்க்கிறது. மகள் ஏதோ கேட்க, அவர் எரிந்து விழுகிறார். அப்பாவுக்குத் தன்மீது கோபம் என்று மகள் எண்ணிக்கொள்கிறாள். உண்மையில் அவரை ஆட்டிப்படைப்பது பதற்றம்.

பதற்றம் என்பது உடலின் எச்சரிக்கை மணியாகும். ஆபத்து நெருங்குவதாக மூளை உணர்ந்தால், அட்ரினலின் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. துரத்தி வரும் நாயிடமிருந்து தப்பியோட இந்த ஏற்பாடு உதவும். நாய் போய்விட்டால் உடலும் சற்று நேரத்தில் அமைதியடையும். அலுவலக வேலையோ அப்படிப்பட்டதன்று. ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால் மூன்று வந்து நிற்கும். நாற்காலியை விட்டு எழுந்து ஓடவும் முடியாது. அதனால் அந்த மணி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

பலர் இதைப் பதற்றம் என்று அறிவதில்லை. தலைவலிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் மாத்திரை விழுங்கிவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். கழுத்தும் தோளும் இறுகுதல், உறக்கம் வராமல் புரளுதல், அனுப்பிவிட்ட மின்னஞ்சலையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தல், ஞாயிறு மாலையிலேயே மறுநாள் வேலையை எண்ணி மனம் கனத்தல் ஆகியவையும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

பதற்றம் எழும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிட்டால் இதயத் துடிப்பு தணியும். மாலையில் காப்பி அருந்துவதைத் தவிர்ப்பது நன்று. அதிலுள்ள கஃபீன் பல மணி நேரம் உடலில் தங்கி உறக்கத்தைக் கெடுக்கும். செய்ய வேண்டிய பணிகளைத் தாளில் எழுதி வரிசைப்படுத்தினால் மனப்பாரம் குறையும்.

எனினும், மூச்சுப் பயிற்சி வேலைச்சுமையைக் குறைத்துவிடாது. தீபகற்ப மலேசியாவில் வாரத்திற்கு 48 மணி நேரமாக இருந்த வேலை நேர உச்சவரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஆனால், வேலை கைப்பேசி வழியாக வீட்டிற்குள் நுழைந்துவிட்டால் ஓய்வு நேரமும் வேலை நேரமாகிவிடும். ஆகவே, அளவுக்கு மீறிய சுமையை மேலதிகாரியிடம் எடுத்துரைப்பதும் ஒரு தீர்வே. அது பலவீனம் ஆகாது.

நெஞ்சுவலி ஏற்பட்டால், பதற்றம்தான் என்று தாமே முடிவு செய்யாமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். பதற்றம் பல வாரங்கள் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தாலும் மருத்துவரைக் காண்பது அவசியம். மனம் விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவித் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வீட்டிலுள்ளவர்களும் துணை நிற்க முடியும். எரிந்து விழுந்த தந்தையிடம், அவர் சற்று அமைதியடைந்ததும், “அப்பா, இன்று வேலை அதிகமா?” என்று மகள் கேட்கலாம். தம் மனத்தில் இருப்பதை அவர் சொல்லத் தொடங்க அக்கேள்வியே வழிவிடக்கூடும்.