கொல்லைத் தோட்டமும் குழந்தைகளின் கண்ணொளியும்

நமது கிராமங்களில் பல வீடுகளின் கிணற்றடியில், குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தேங்கிச் சேறாகிக் கொசுவுக்கு இடமளிக்கின்றன. அந்நீரை ஒரு சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பிவிட்டால், கொல்லை சுத்தமாவதுடன் கனியும் கிடைக்கும். கீரைப் பாத்திக்கு மட்டும் கிணற்றிலிருந்து இறைத்த நல்ல நீரையே பாய்ச்ச வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. காலை மாலை சிறிது நேர உழைப்பே போதுமான முதலாகும்.

இவ்வுழைப்பு சுமையன்று என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். நேற்றுத் தரையில் கிடந்த அவரைக் கொடியின் நுனி இன்று பந்தற்காலைச் சுற்றியிருப்பதை விடியற்காலையில் காண்பது ஓர் இன்பம். புடலம் பிஞ்சு வளையாமல் நீளும்பொருட்டு அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டும் வேலையைக் குழந்தைகள் தாமே விரும்பி ஏற்றுக்கொள்வர். தான் நீரூற்றி வளர்த்த கீரையைக் குழந்தை இலையில் ஒதுக்குவதும் அரிது.

இங்கேதான் முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. அந்தி சாய்ந்ததும் தடுமாறி நடக்கும் குழந்தையை, மாலைக்கண் என்று கூறி நாம் வாளாவிருந்துவிடுகிறோம். ஜீவசத்து 'ஏ' குறைவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். குறை முற்றினால் கருவிழி உலர்ந்து, மென்மையாகி, பார்வையே போய்விடும். அரிசியில் இச்சத்துக்கு மூலமான பொருள் இல்லையென்றே கூறலாம். கீரைகளிலோ அது மிகுதியாக உண்டு என்பதை, குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு 1937-ல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியல் எடுத்துக்காட்டிற்று. முருங்கைக் கீரை, முளைக்கீரை, பழுத்த பப்பாளி, மஞ்சள் பூசணி ஆகியவை இதற்கு உகந்தவை. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் சத்து உடலில் நன்கு சேரும்.

முளைக்கீரை விதைத்த சுமார் 25 நாட்களில் பறிக்கத்தக்கதாகும். வாரத்துக்கொரு பாத்தியாக விதைத்துவந்தால் கீரை இடையறாது கிடைக்கும். முருங்கையை மூன்றடி நீளப் போத்தாக நட்டால் போதும். பப்பாளியில் ஆண் மரமும் உண்டாகையால், ஒரு குழியில் மூன்று கன்றுகள் நட்டு, பூத்தபின் பெண் கன்றை நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். பல பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். ஆடியில் ஊன்றிய அவரை மார்கழி, தை மாதங்களில் நிறையக் காய்க்கும். சாணம், சருகு, காய்கறித் தோல் ஆகியவற்றை ஒரு குழியிலிட்டு மக்கச் செய்தால் எருவும் வீட்டிலேயே தயாராகும்.

இடையூறுகளும் வரும். முருங்கையின் அடிமரத்தில் பகலில் கூட்டமாக அடையும் கம்பளிப்பூச்சியைத் தீப்பந்தத்தால் பொசுக்கிவிடலாம். ஆடு மாடு புகாதபடி வேலியடைத்தல் அவசியம்.

கண்ணில் குறை தோன்றிய குழந்தையைத் தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தோட்டம் ஈடாகாது. ஆனால் அக்குறை வாராமற் காக்கும் வழிகளில் எளியது நமது கொல்லையிலேயே இருக்கிறது. மருந்தென்று எண்ணிச் செய்யும் காரியம் சில நாளில் சலித்துவிடும்; மகிழ்ச்சியுடன் செய்வதே நிலைக்கும். ஆகையால் ஒவ்வொரு வீட்டாரும் முதலில் ஒரு முருங்கைப் போத்தையும் ஒரு பாத்திக் கீரையையும் குழந்தையின் கையாலேயே நடுவிப்பாராக.