கல்யாண வீட்டில் பள்ளிப் பேச்சு கூடாது, தெரியுமா?

அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் வழக்கமான கல்வி விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு! அமெரிக்காவில் இப்படிப் பள்ளிகள் உண்டு, தெரியுமா? பெயர் சார்ட்டர் பள்ளி. சாசனப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாசனம் என்றதும் கல்வெட்டை நினைத்துவிடாதீர்கள்! பள்ளி நடத்தும் அனுமதிதான் இது. நியூயார்க்கில் ஒரு தடவை கொடுத்தால் அதிகபட்சம் 5 ஆண்டுதான். தேர்ச்சியும் கணக்கும் சரியில்லையென்றால் புதுப்பிக்காமலே விட்டுவிடலாம்.

முதல் சட்டம் போட்டது மினசோட்டா, 1991இல். அப்போது நிர்வாகக் குழுவில் ஆசிரியர்களே பெரும்பான்மை என்பது விதி! பிறகு அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது குறைந்தது ஐந்து பேர். ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர், ஊர்க்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

கலிபோர்னியா கதை இன்னும் ஜோர். 2019இல் கையெழுத்தான சட்டப்படி, சார்ட்டர் பள்ளி நிர்வாகக் குழுக்களும் திறந்த கூட்டச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வழக்கமான கூட்டமா? 72 மணி நேரத்துக்கு முன்பே பொருள்நிரலை ஒட்டியாக வேண்டும். ஐவர் குழுவில் மூவர் ஒரு கல்யாண விருந்தில் சந்திக்கலாம், சாப்பிடலாம், அரட்டையும் அடிக்கலாம். பள்ளி விஷயத்தை மட்டும் கூடிப் பேசக்கூடாது! குழு உறுப்பினர் தனக்கு லாபம் வரும் ஒப்பந்தத்துக்குக் கை தூக்கவும் முடியாது. இதெல்லாம் சரி, சாசனம் கொடுத்துக் கண்காணிக்கும் கல்வி மாவட்டத்துக்குக் கூலி எங்கிருந்து? அந்தப் பள்ளியின் வருமானத்திலேயே பொதுவாக 1 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். பள்ளி பெருத்தால் காவல்காரர் கூலியும் பெருகலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்!

உச்சக்கட்டம் வாஷிங்டன் மாநிலத்தில். அங்கே சார்ட்டர் சட்டம் 2012இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. 2015 செப்டம்பரில், பெரும்பாலான பள்ளிகள் வகுப்புத் தொடங்கிய கையோடு, மாநில உச்ச நீதிமன்றம் ஒரே போடாகப் போட்டது: செல்லாது! ஏன் தெரியுமா? நிர்வாகக் குழுவினர் நியமிக்கப்பட்டவர்கள். அந்தப் பகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. ஆகவே இவை ‘பொதுப் பள்ளி’ ஆகா, அதற்கென ஒதுக்கிய பணத்தைத் தொடக்கூடாது. ஆதாரமாகக் காட்டியது 1909ஆம் ஆண்டுத் தீர்ப்பை!

குழுவை மாற்றினார்களா? அதுதான் இல்லை, பணப்பையை மாற்றினார்கள். 2016இல் புதுச் சட்டம்: இனிச் சம்பளமும் செலவும் லாட்டரி வருமானம் போகும் கணக்கிலிருந்து! 2018இல் அதே நீதிமன்றம் இந்த ஏற்பாட்டுக்குத் தலையசைத்தது. குழுவுக்கு மட்டும் இன்றுவரை தேர்தல் இல்லை.