பொழுதோடு கூடும் சந்தைகள்

மதுரைக்காஞ்சி பகலில் கூடிய நாளங்காடியையும் இரவில் கூடிய அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுவதால், பண்டைத் தமிழ் நகரத்தில் கடைத்தெரு இடத்தோடு பொழுதையும் சேர்த்தே அறியப்பட்டது என்பது விளங்கும். அந்த ஒழுங்கு இன்றைய சென்னையிலும் நீடிக்கிறது.

கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்த காய்கறி மொத்த வணிகம், இரவில் லாரிகள் வந்து சேர்வதோடு சூடுபிடித்து, சில்லறை வியாபாரிகள் சரக்கெடுத்துச் சென்றபின் தணிகிறது. காசிமேட்டில் ஞாயிறு விடியலில் மீனுக்குக் கூடும் கூட்டம், இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வரத்தோடு சேர்ந்து குறைகிறது. பல்லாவரத்தில் பழைய பொருள்களுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தையும், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகளுக்கு நவராத்திரிக்கு முந்தைய நாட்களும் உரியவை. கோடவுன் தெருவில் துணியும், ஆண்டர்சன் தெருவில் காகிதமும், ரிச்சி தெருவில் மின்னணு உதிரிப்பாகங்களும் எனக் கடைகள் இனவாரியாக அடுத்தடுத்து அமைந்திருப்பதால், வாங்குபவர் நாலு கடை ஏறி இறங்கி விலையை ஒப்பிட முடிகிறது.

காய், கீரை, பூ போன்ற விரைவில் வாடும் பொருள்களுக்கோ பொழுதே விலையை முடிவு செய்கிறது. காலையில் புதுச்சரக்கைத் தேடுபவர் கேட்ட விலையைக் கொடுக்கிறார். மறுநாள்வரை தாங்காத மிச்சத்தைத் தள்ளுவண்டிக்காரர் அந்தியில் கூறு கட்டி, அதாவது எடைபோடாமல் சிறு குவியல்களாகப் பிரித்து, மலிவாக விற்கிறார். அன்றைய கூலியைக் கையில் வாங்கிய பின்னரே கடைக்கு வரக்கூடிய குடும்பத்தின் இரவு அடுப்பு, பல நாட்களில் அந்தக் கூறை நம்பியே எரிகிறது.

சில நிமிடங்களில் பொருளை வாசலில் சேர்க்கும் செயலிகள் முதியோருக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் உதவுகின்றன என்பதும், சாலையோரக் கடைகளால் நெரிசல் உண்டாகிறது என்பதும் மெய்யே. ஆயினும் காலையில் முழுவிலை கொடுக்கும் வாடிக்கையாளர் செயலிக்கு மாறிவிட்டால், அந்தி வியாபாரத்தை மட்டும் கொண்டு வண்டிக்காரர் முதலை மீட்க முடியாது. வண்டி நின்றால் மலிவுக் கூறும் மறையும். அந்த இழப்பு செயலியில் வாங்குபவரின் கண்ணுக்கு எட்டாத வீட்டில் நிகழும்.

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடிவரும் இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என வரையறுத்து, கணக்கெடுப்பில் அவ்வாறு கண்டறியப்பட்டதை விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஒவ்வொரு வட்டத்திலும் இத்தகைய சந்தைகள் எங்கே கூடுகின்றன என்பதோடு, எந்த நாளில், எந்தப் பொழுதில் கூடுகின்றன என்பதும் கணக்கெடுத்துப் பதிவு செய்யப்பட வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் கீரையையும் பூவையுமாவது தெருவில் வரும் வண்டியிலேயே காலையில் வாங்கட்டும். அந்திக் கூறு அடுத்த தெருவுக்குக் கிடைப்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.