மண் கோட்டையும் விண்ணில் ஒரு கண்ணும்

மழை பெய்த தார்ச்சாலையில் எண்ணெய்த்துளி பரவி வண்ண வளையங்கள் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே போன்ற வளையங்களைக் கொண்டுதான், ஒரு பழம்பெரும் நகரை அழித்த நிலநடுக்கம் எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

நகரின் பெயர் பாம். (வெடிகுண்டை நினைக்க வேண்டாம், பேரீச்சைக்குப் பேர்போன ஊர் அது.) ஈரானின் தென்கிழக்கே, பாலைவன ஓரத்தில் இருக்கிறது. சுடாத செங்கல்லால் எழுப்பிய அதன் கோட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2003 டிசம்பர் 26 அன்று விடியுமுன் 6.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. 26,000 பேருக்கு மேல் மாண்டனர். கோட்டையின் பெரும்பகுதி மண்மேடாயிற்று.

ஊருக்குக் கிழக்கே ஒரு நிலப்பிளவு இருப்பது முன்பே தெரியும். ஆனால் அங்கே தரையில் பெரிய வெடிப்பு எதையும் காணோம்!

அப்போது கைகொடுத்தது ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள். சுமார் 800 கி.மீ. உயரத்திலிருந்து அது ராடார் அலைகளை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பியவற்றைப் பதிவு செய்தது. நடுக்கத்துக்கு முன் எடுத்த பதிவையும் பின் எடுத்த பதிவையும் ஒப்பிட்டால், தரை நகர்ந்த இடங்களில் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தா. வரைபடத்தில் அந்த வேறுபாடு வண்ண வளையங்களாகத் தெரியும். அலையின் நீளம் 5.6 செ.மீ. அது போய்த் திரும்ப வேண்டும் அல்லவா? ஆகவே ஒரு வளையத்துக்குத் தரை செயற்கைக்கோளை நெருங்கியோ விலகியோ 2.8 செ.மீ. நகர்ந்திருக்கிறது என்று பொருள். வளையங்களை எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும்.

வளையங்கள் சுட்டியது வேறொரு பிளவை. பழைய பிளவுக்கு மேற்கே, நகரிலிருந்து தெற்கு நோக்கி அது ஓடியது. அதுவரை யாரும் அறியாத பிளவு! ஆழத்தில் பாறைகள் 2 மீட்டருக்கு மேல் வழுக்கியிருந்தும், தரையின் மேல் அதற்குரிய அடையாளம் ஏதும் இருந்ததில்லை.

பழைய பிளவின் கதையும் விந்தையானது. அது நிலத்தடி நீரை அணைபோல் தடுத்து நிறுத்துகிறது. கனாத் என்னும் சுரங்கக் கால்வாய்கள் அந்த நீரைத்தான் தோட்டங்களுக்குக் கொண்டு வந்தன. பிளவு இல்லையேல் பேரீச்சை ஏது, பாம் ஏது?

கோட்டையை மீட்க வந்தவர்களுக்கும் படங்களே துணை. எந்தச் சுவர் எங்கே நின்றது, எவ்வளவு உயரம் என்பதை, இடிவதற்கு முன் விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கணிப்பொறியில் கட்டிப் பார்த்தார்கள். 2004-ல் யுனெஸ்கோ பாமை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கி, ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. 2013-ல் அந்தப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது.