இயக்குநர் பொறுப்பு: சட்டமும் அமானிதமும்

திருவேட்டக்குடியிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகத்தைக் காணலாம். 2009இல் இயங்கத் தொடங்கிய அத்துறைமுகத்தின் நிறுவனம், கடன் தொடர்பான திவால் தீர்வு நடவடிக்கைக்கு உள்ளாகி, 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி துறைமுக நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின்படி, இத்தகைய நடவடிக்கை தொடங்கியதும் இயக்குநர் குழுவின் அதிகாரங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன. அதிகாரம் நீங்கினாலும், அதுவரை ஆற்றிய செயல்களுக்கான பொறுப்பு நீங்குவதில்லை. அப்பொறுப்பு யாது என அறிதல் நமக்கு அவசியமாகும்.

கம்பெனி என்பது சட்டத்தின் பார்வையில் தனியொரு நபர். அதற்கென உடைமையும் கடனும் உண்டு. சிந்திக்கவும் கையொப்பமிடவும் இயக்குநர்களே வேண்டும். அவர்களது கடமைகளை 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு வரையறுக்கிறது. நிறுவன விதிகளுக்கு உட்பட்டு நடத்தல். பங்குதாரர், ஊழியர், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலன் கருதி நல்லெண்ணத்துடன் செயற்படல். உரிய கவனத்துடனும் திறனுடனும் சுயமாக முடிவெடுத்தல். சொந்த நலன் நிறுவன நலனோடு மோதும் நிலைக்கு இடந்தராமை. தகாத ஆதாயம் அடையாமை. பதவியைப் பிறர்க்கு மாற்றித் தராமை என்பன அவை. தகாத ஆதாயம் பெற்றவர் அதற்கு ஈடான தொகையை நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டும்.

நம் ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. பிறர் பொருளை நிர்வகிக்கும் வகீலும், முளாரபாவில் உழைப்பைத் தருபவரும் அமீன்களே. வணிகத்தில் இயல்பாக நேரும் நட்டத்திற்கு அவர்கள் ஈடு செய்ய வேண்டியதில்லை. வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ ஈடு செய்தாக வேண்டும். நட்டம் குற்றமன்று, அமானிதத்தைப் பாழாக்குவதே குற்றம்.

கவனக்குறைவின் விலையைச் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் வீழ்ச்சி காட்டுகிறது. 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தாரோடு தொடர்புடைய இரு நிறுவனங்களை வாங்க அதன் இயக்குநர் குழு இசைந்தது. புகழ்பெற்ற கல்வியாளர்களும் அக்குழுவில் இருந்தனர். முதலீட்டாளர் எதிர்ப்பால் அம்முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகள் பொய்யானவை எனத் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அரசு அக்குழுவைக் கலைத்துப் புதிய குழுவை நியமித்தது. கற்றோர் பெயர்கள் இருந்தன. கேட்க வேண்டிய கேள்விகள் உரிய காலத்தில் எழவில்லை.

இது பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் கடற்கரை ஊர்களில், குடும்ப வணிகத்தைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கும்போது, சட்டம் இருவரைக் கோருவதால் இல்லத்தரசியையோ வளைகுடாவில் இருக்கும் தம்பியையோ இயக்குநராகச் சேர்த்துவிடுவர். இயக்குநருள் ஒருவரேனும் நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்கியிருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் நடந்த கூட்டங்கள் எதிலும் கலந்துகொள்ளாதவர், விடுப்புப் பெற்றிருப்பினும், பதவியை இழப்பார். பெயருக்கு மட்டும் இயக்குநர் என்றொரு வகையைச் சட்டம் அறியாது.

ஆதலின், கணக்கைப் பார்க்கவும், ஐயம் எழுந்தால் கேட்கவும், மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யவும் இயலாதவர், அன்பின் பொருட்டும் கையொப்பமிடாதிருத்தலே நலம். அமானிதத்தை ஏற்குமுன் அதன் கனத்தை அறிந்துகொள்வது அறிவுடைமையாகும்.